காந்தம் ஒட்டாத இடம்

பதினோராயிரத்து நானூறு.
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்ததில்
கழிவெல்லாம் போக
கைக்கு வந்தது இவ்வளவுதான்.

"மலைச் சைக்கிளா? மண்டபத்துக்கா?"
வண்டிக்காரத் தெருக் கடையில்
களஞ்சியம் அண்ணன் சிரித்தார்.
சிரிக்கலாம்.
எங்கள் பக்கம் ஆக உயரமான மேடு
பாம்பன் பாலத்தின் முதுகு.
அதற்கு அடுத்தது
ஐஸ் பிளான்ட் தண்ணீர்த் தொட்டி.

நான் நண்டுக் கம்பெனியில் எடை எழுதுகிறவள்.
விடியுமுன் வேதாளை,
வெயில் ஏறுமுன் சீனியப்பா தர்கா,
ஏழரைக்குப் புதுமடம்.
தார் ரோடு முடிகிற இடத்தில்தான்
என் வேலை தொடங்கும்.
இருக்கிற லேடீஸ் சைக்கிள்
தன் சக்கரத்தை மணலில் புதைத்துக்கொண்டு
என்னை மட்டும் முன்னால் அனுப்பிவைக்கும்.

சிவப்பு வண்டி ஒன்றை உருட்டி வந்தார்.
முன்னால் ஸ்பிரிங், நடுவில் ஸ்பிரிங்,
இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க்,
இருபத்தொரு கியர்,
எல்லாம் பதினோராயிரத்துக்குள்.
ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து
எடை கூட்டிய நண்டை
அன்றாடம் பார்க்கிற கண் எனக்கு.
தூக்கிப் பார்த்தேன்.
"பத்தொன்பது கிலோ" என்றேன்.
நம்பாமல் தராசில் தொங்கவிட்டார்.
பத்தொன்பது, இருநூறு.
சிரிப்பு கொஞ்சம் இறங்கியது.

அடுத்தது சாம்பல் நிறம்.
"முழுக்க அலாய்மா, துரு அண்டாது."
கைப்பையிலிருந்து எடுத்தேன்,
வீட்டு ஃபிரிட்ஜில்
கரண்டு பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த
வேளாங்கண்ணி மாதா காந்தத்தை.
ஹேண்டில்பாரில் வைத்தேன், ஒட்டிக்கொண்டாள்.
சீட்டுக் குழாயில் ஒட்டிக்கொண்டாள்.
சட்டத்தில் பச்சக்கென்று.
சக்கர விளிம்பில் மட்டும்
நிற்காமல் நழுவினாள்.
"விளிம்பு அலாய்" என்றார் அண்ணன்,
அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல.

மூன்றாவது மூலையில் கிடந்தது.
போன வருஷத்துச் சரக்கு, பாசிப் பச்சை,
ஸ்டிக்கர் ஒருபக்கம் கிழிந்தது.
ஸ்பிரிங் இல்லை. டிஸ்க் இல்லை.
ரப்பர்க் கட்டை கடிக்கிற பிரேக்.
பின்னால் ஏழு கியர், அவ்வளவே.
டயர் மட்டும் என் மணிக்கட்டு அகலம்.
மாதாவைச் சட்டத்தில் வைத்தேன்,
விழுந்தாள்.
கீழ்க்குழாயில் வைத்தேன்,
விழுந்தாள்.
மூன்றாம் முறை குனிந்து எடுக்கையில்
யாரும் பார்க்காமல்
ஒரு முத்தம் கொடுத்துக்கொண்டேன்.

"ஸ்பிரிங் இல்லாட்டி கை வலிக்கும்மா."
மணல் குலுக்காது அண்ணே,
இழுக்கும்.
இந்த விலை ஸ்பிரிங்
ஆறு மாதம் உப்பைக் குடித்தால் இறுகிப்போகும்.
அப்புறம் அதுவும் கம்பிதான்,
இரண்டு கிலோ அதிகமாக.

பத்தாயிரத்து எழுநூறுக்கு முடிந்தது.
ஸ்டாண்டு தனி, மட்கார்டு தனி,
பெல்கூடத் தனி என்றார்.
ஸ்டாண்டு எதற்கு, மணல் விழுங்கிவிடும்.
தராசு வைக்கக் கேரியர், முந்நூற்றைம்பது.
கருவேல முள்ளுக்கு
டியூப்பில் ஊற்றும் பால், இருநூற்றெண்பது.
மிச்சம் எழுபதுக்குச் செயின் எண்ணெய்.
பெல்லுக்கு என் தொண்டை இருக்கிறது.

மறுநாள் இருட்டோடு
வேதாளைக் கரையில்
கவிழ்த்த வத்தை ஒன்றில் சாய்த்துவைத்தேன்.
செலஸ்தீனா டார்ச் அடித்துப் பார்த்தாள்,
முன்டயரிலிருந்து பின்டயர்வரை.
"எல்லாஞ் சரி, மலை எங்கடி?"

பங்குனிதானே இது.
ஆனி பிறக்கட்டும்.
புதுமடம் ரோட்டில்
கச்சான் எதிரே எழுந்து நிற்கும்போது
உன்னையும் கேரியரில் வைத்து
ஏறிக் காட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்தால்
ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடக்கிறது
கரண்டு பில்.
எண்ணூற்று நாற்பது.
கடைசித் தேதி நேற்று.